ஒலியைக் குறைத்தாலும் குறையாத குரல்கள்

இரவு ஷிப்டு முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பி, வெந்நீரில் உடம்பைக் கழுவிக்கொண்டு, கேழ்வரகுக் களியும் முந்தின நாள் குழம்புமாக நாலு கவளம் உண்டுவிட்டுச் சுவரோரமாகப் பாயை விரித்துப் படுத்த என் தந்தையார் நண்பகல் வரையில் எழுந்திருக்கமாட்டார் என்பதும், அவர் உறங்குகிற அந்த ஆறேழு மணி நேரமும் ஒற்றை அறை வீட்டில் பாத்திரம் உருளக்கூடாது, கதவு மோதக்கூடாது, பிள்ளைகள் உரத்துப் பேசக்கூடாது என்பதும், கோலார் தங்கவயலின் தொழிலாளர் குடியிருப்பான பாலகாட் லைனில் எங்கள் வீட்டுக்கு மட்டுமன்றி வரிசை வரிசையாக நின்ற அத்தனை வீடுகளுக்கும் பொதுவான சட்டமாக இருந்தன. யாருடைய வீட்டில் யார் இரவு ஷிப்டு என்பது தெருவிலுள்ள குழந்தைகளுக்குக்கூட மனப்பாடம்.

அந்தச் சட்டத்துக்கு அடங்கி வாழவேண்டிய வஸ்து ஒன்றும் எங்கள் வீட்டில் இருந்தது. அது என் தாய்மாமன் வாங்கிக் கொடுத்த பேட்டரி ரேடியோ. அதை முற்றிலும் நிறுத்திவிட மனமில்லாத என் தாயார், குமிழை மெல்ல மெல்லத் திருகி, இன்னும் ஒரு மயிரிழை திருகினால் ஒலியே அற்றுப்போகும் என்னும் எல்லையில் கொண்டுவந்து நிறுத்தி, அடுப்பங்கரையில் தம் முழங்காலருகே வைத்துக்கொண்டு, முறத்தில் அரிசி பொறுக்கியபடியே கேட்டுக்கொண்டிருப்பார். நானும் என் தமையனாரும் அந்தப் பெட்டியின் இருபுறமும் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்வோம். "அப்பா முழிச்சுக்கப் போறாரு, மூச்சு விடாம கேளுங்கடா" என்று தாயார் கண்டிப்பார், அப்படித்தான் கேட்டோம்.

அந்த மெல்லிய ஒலியில்தான் ஒரு விஷயம் எனக்குப் புலப்பட்டது. டி.எம். சௌந்தரராஜனின் கம்பீரத்தையோ, சீர்காழி கோவிந்தராஜனின் வெண்கல நாதத்தையோ குறைவாக மதிப்பவன் அல்லன் நான். ஆயினும் அவ்வளவு தூரம் ஒலியைத் தணித்தபோது அந்தக் குரல்கள், ராஜகோபுரத்தைச் சாவித் துவாரத்தின் வழியே பார்ப்பது போலத் தம் உருவத்தில் பாதிக்குமேல் இழந்துவிடும். ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீநிவாஸும் பாடும்போது மட்டும் அத்தகைய நஷ்டம் ஒன்றுமே நேராது. அவர்கள் தொடக்கத்திலிருந்தே அந்த அளவில்தான் பாடிக்கொண்டிருந்தார்கள் என்றும், உறங்குகிற ஒருவரை எழுப்பிவிடக்கூடாது என்கிற கவலை எங்களைப் போலவே அவர்களுக்கும் இருந்தது என்றும் அந்தச் சிறுபிராயத்தில் நான் மெய்யாகவே நம்பினேன்.

கோலார் தங்கவயலைப் பெயரளவில் மட்டும் அறிந்தவர்களுக்கு இவ்வூரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே கால் ஊன்றியபின், பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் வட ஆற்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களை விட்டுத் திரள் திரளாக வந்துசேர்ந்த தமிழரும் தெலுங்கரும் மண்ணுக்கடியில் இறங்கினார்கள். 1902-இல் சிவசமுத்திரத்துக் காவிரி வீழ்ச்சியிலிருந்து ஏறக்குறைய 90 மைல் தூரம் கம்பி இழுத்து இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டரையும் கடந்து கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் உஷ்ணம் 60 டிகிரிக்கு மேற்பட்டது. பாலகாட் என்பதும் ஆதியில் ஒரு சுரங்கத்தின் பெயரே. 1956-இல் மைசூர் அரசாங்கத்தார் சுரங்கங்களை ஏற்றுக்கொண்ட சமயத்தில் மைசூர், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க்கம் என்னும் மூன்றுதான் எஞ்சி நின்றன. பாலகாட் என்ற பெயர் எங்கள் லைன்களுக்கும் அவற்றைச் சூழ்ந்த மேட்டு நிலத்துக்கும் உரியதாயிற்று.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், எங்கள் ஊர் இரைச்சலின் ஊர் என்பதே. ஷிப்டுக்கு ஷிப்டு ஊதுகிற சங்கு, கூண்டை ஏற்றி இறக்கும் இயந்திரத்தின் உறுமல், கல்லைப் பொடி செய்யும் ஆலையின் ஓயாத இடிப்பு, எப்போதாவது பூமியின் வயிற்றுக்குள் பாறை தானே வெடிக்கும்போது பரணிலுள்ள செம்புகள் ஒன்றோடொன்று மோதி நடுங்குகிற ஓசை—இவற்றின் நடுவே பிறந்து வளர்ந்தவர்களுக்கு உரத்த குரல் பழகிப்போன ஒன்று. கீழே பாறையைத் துளைக்கும் மெஷினுக்கு மேலாகக் கத்திக் கத்திப் பேசிய பழக்கத்தால், எங்கள் தெரு ஆண்மக்கள் வீட்டில் உப்புக் கேட்பதைக்கூடச் சண்டையைப் போலவே கேட்பார்கள். அப்பேர்ப்பட்ட இடத்தில் ஒருவன் குரலை உயர்த்தாமல், அவசரப்படாமல், நம் அருகே அமர்ந்து பேசுவதைப் போலப் பாடினான் என்றால் அது எத்தகைய அதிசயமாக எங்களுக்குப் பட்டிருக்கும் என்பதை நிசப்தமான ஊர்களில் வளர்ந்தவர்கள் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் குரல்களை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது இலங்கை வானொலி. 1952-இல் மத்திய மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ருசியைக் கெடுத்துவிடும் என்று கருதி அகில இந்திய வானொலியில் அதற்கு ஏறக்குறைய கதவடைத்துவிட, கொழும்பிலிருந்து ஒலிபரப்பான வர்த்தக சேவை அந்த இடத்தை நிரப்பிற்று. 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித பாரதி தொடங்கும் வரையில், தொடங்கிய பின்னருங்கூட, தென்னாட்டுத் தமிழர் வீடுகளில் கொழும்பே கோலோச்சியது. எஸ்.பி. மயில்வாகனம் பேசும் தமிழைக் கேட்பதற்கென்றே ரேடியோவண்டை கூடியவர்கள் உண்டு. சிற்றலையில் வரும் ஒலிக்கு ஒரு சுபாவம் இருக்கிறது: வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருவதால், கடல் அலைபோல் சில விநாடி பொங்கும், சில விநாடி வற்றும். பாட்டு வற்றிப்போகிற அந்த விநாடிகளில் என் தாயாரின் கை முறத்தின்மேல் அசையாமல் நிற்கும். குரல் மீண்டும் வந்த பிறகே அரிசி நகரும். இன்றைக்கும் அந்தப் பாடல்களைத் துல்லியமான ஒலிப்பதிவில் கேட்கையில், வற்றவேண்டிய இடத்தில் வற்றாமல் போகிறதே என்று என் செவி ஒரு கணம் தடுமாறுகிறது.

இவ்வாறு குரலை உயர்த்தாமல் பாடும் இசைக்கு மெல்லிசை என்று பெயர். இந்தச் சொல்லைச் சிலர் சற்று இளக்காரமாகவே வழங்குவதைக் கேட்டிருக்கிறேன்; ராக ஆலாபனையும் ஸ்வரப் பிரஸ்தாரமும் செய்யத் திராணியற்றவர்களின் ஒதுங்குமிடம் என்பது அவர்களுடைய அபிப்பிராயம். சரித்திரத்தைச் சற்றே நினைவுகூர்ந்தால் இந்த அபிப்பிராயம் எவ்வளவு தவறானது என்பது விளங்கும். ஒலிபெருக்கியின் உதவியில்லாத காலத்தில் நாடக மேடையில் நின்று, கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் எட்டும்படி பாடவேண்டியிருந்த எஸ்.ஜி. கிட்டப்பா போன்றவர்கள் உச்ச ஸ்தாயியிலே சஞ்சரித்தது கலையின் பொருட்டு மட்டுமன்று, அவசியத்தின் பொருட்டுமாகும். அந்த மரபிலே வந்தவர் எம்.கே. தியாகராஜ பாகவதர். 1925-ஐ ஒட்டி மின்சார ஒலிப்பதிவு பரவியபின், மைக் என்னும் கருவி பாடகனுக்கும் கேட்பவனுக்கும் இடையே இருந்த கொட்டகையையே அகற்றிவிட்டது. இனிமேல் கடைசி வரிசை என்று ஒன்று இல்லை. கேட்பவன் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறான். அமெரிக்காவில் பிங் கிராஸ்பியும், வடக்கே தலத் மஹ்மூதும் இதை உணர்ந்துகொண்டார்கள். ஆனால் ஒரு சாண் தூரத்தில் இருப்பவனிடம் பொய் சொல்வது கடினம். மூச்சு இழுக்கும் ஓசை கேட்டுவிடும். சுருதி ஓர் அணு பிசகினாலும் ஆவேசத்தால் அதை மூடி மறைக்க இயலாது. சொல்லின் பொருளை உணராமல் பாடினால் அது அக்கணமே வெளிப்பட்டுவிடும். கேட்பவனுக்கு எத்தனை சுலபமாக இருக்கிறதோ, அத்தனையும் பாடியவன் தன் தலையில் ஏற்றுக்கொண்ட சுமை என்றே நான் எண்ணுகிறேன்.

ஏ.எம். ராஜாவைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊராருக்கு ஓர் உரிமை உண்டு. அவர் 1929-இல் பிறந்த ராமாபுரம் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லா எங்கள் தங்கவயலின் கிழக்கு எல்லைக்கு அப்பால் தொடங்கிவிடுகிறது. எங்கள் லைன்களில் பாதிப்பேர் அங்கே அத்தையும் சித்தப்பனும் உடையவர்கள். பச்சையப்பன் கல்லூரியில் பி.ஏ. படித்துத் தேறிய அவர், ஜெமினியின் 'சம்சாரம்' படத்தின் மூலமாக 1951-இல் திரையுலகில் புகுந்தார். 1955-இல் வந்த 'மிஸ்ஸியம்மா'வுக்குப் பிறகு, ஜெமினி கணேசனின் முகத்தைப் பார்த்தால் ராஜாவின் குரல் நினைவுக்கு வருவதும், ராஜாவின் குரலைக் கேட்டால் அந்த முகம் தோன்றுவதும் சகஜமாகிவிட்டன. ஸ்ரீதர் முதன்முதலாக டைரக்டு செய்த 'கல்யாணப் பரிசு' 1959-இல் வெளியானபோது பாட்டுடன் இசையமைப்பும் ராஜாவினுடையதாகவே இருந்தது. பின்னர் 'தேன் நிலவு', 'ஆடிப்பெருக்கு'. அவருடைய மெட்டுக்களில் வாத்தியங்கள் குரலை நெருக்குவதே இல்லை. விருந்தாளி பேசும்போது வீட்டார் குறுக்கிடாமல் நிற்பதைப்போல ஒதுங்கி நிற்கும். அவரும் அவருடைய வாழ்க்கைத் துணைவியான ஜிக்கியும் சேர்ந்து பாடியவற்றைக் கேட்டால், இரண்டு பேர் பிறர் காதில் விழவேண்டும் என்கிற எண்ணமே இல்லாமல் தங்களுக்குள் பேசிக்கொள்வதைத் தற்செயலாகக் கேட்டுவிட்டோமோ என்கிற லஜ்ஜை உண்டாகும். அறுபதுகளின் நடுவில் திரையை விட்டு ஏறக்குறைய ஒதுங்கிவிட்ட அவர் எழுபதுகளின் தொடக்கத்தில் மீண்டும் வந்தார். 1989 ஏப்ரல் 8-ஆம் தேதி வள்ளியூர் ரயில் நிலையத்தில் ரயில் ஏறுகையில் நேர்ந்த விபத்தில் உயிர் நீத்தார். அன்று எங்கள் தெருவில் பெரிய துக்கம் காத்தவர்கள் பெண்மக்களே.

பி.பி. ஸ்ரீநிவாஸின் குடும்பப் பெயர் பிரதிவாதி பயங்கரம். வாதத்தில் எதிராளியைக் கலங்கடித்த மூதாதையர் பெயரைத் தாங்கி, 1930-இல் காக்கிநாடாவில் பிறந்த ஒருவருக்கு, எவரையும் எதற்கும் கலங்கடிக்க அறியாத குரல் வாய்த்தது. 'அடுத்த வீட்டுப் பெண்', 'பாவமன்னிப்பு', 'போலீஸ்காரன் மகள்', 'காதலிக்க நேரமில்லை' என்று அறுபதுகளின் முற்பகுதி முழுவதும் அக்குரல் தமிழ்நாட்டின் மேல் பனிபோலப் படிந்தது. எங்கள் ஊருக்கோ அவர் இரட்டை உறவு. தமிழில் ஜெமினி கணேசனுக்குப் பாடிய அதே கண்டம் கன்னடத்தில் ராஜ்குமாருக்கும் பாடிற்று. 1974-ஐ ஒட்டி ராஜ்குமார் தாமே பாடத் தொடங்கும் வரையில் கன்னடம் பேசுவோருக்கு அவ்விருவரும் ஒருயிரும் ஈருடலுமாகவே தோன்றினர். சுரங்கத்துக்குள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் கூலியாட்கள் ஒரே கூண்டில் இறங்குவார்கள்; மேலே வந்தபின் மொழியின் பேரால் மனஸ்தாபம் எழுந்த நாட்களும் உண்டு. ஸ்ரீநிவாஸ் யாருடையவர் என்று மட்டும் எவரும் எவரோடும் வாதிட்டு நான் கேட்டதில்லை. எல்லாரும் தம்மவர் என்றே கருதினர்.

அவரைக் குறித்து வழங்கும் செய்திகளுள் ஒன்றை நான் பலமுறை நினைத்துக்கொள்வதுண்டு. சென்னையில் சினிமாச் சந்தர்ப்பம் தேடி அலைந்து சலித்துப்போன கவிஞர் வாலி, ஊருக்கே திரும்பிவிடுவது என்று தீர்மானித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்த வேளையில், அவரைப் பார்க்க வந்த ஸ்ரீநிவாஸ், 'சுமைதாங்கி' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதித் தாம் அப்போதுதான் பாடியிருந்த பாட்டை அங்கேயே பாடிக் காட்டினார் என்றும், அதைக் கேட்டபின் வாலி தம் முடிவை மாற்றிக்கொண்டார் என்றும், வாலியே பிற்காலத்தில் பன்முறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். வாத்தியக் கோஷ்டி இல்லை, மேடை இல்லை, கூட்டம் இல்லை. மனமொடிந்த ஒரு மனிதனும், அவனுக்கென்று பாடும் ஒரு குரலும். லட்சக்கணக்கானோர் அதே பாட்டைப் பின்னர் கேட்டார்கள். அவர்களில் ஒவ்வொருவரும் அது தம் ஒருவருக்கே பாடப்பட்டது என்று நினைத்ததற்குக் காரணம், அது ஒருவருக்காகவே பாடத்தக்க விதத்தில் அமைந்திருந்தது என்பதைத் தவிர வேறென்ன? சரிகைத் தலைப்பாகையும் சால்வையும் சட்டைப் பையில் பல வர்ணப் பேனாக்களுமாக, உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலில் அமர்ந்து எட்டு மொழிகளில் கவிதை எழுதிக்கொண்டிருந்த அந்தப் பெரியவர் 2013 ஏப்ரல் 14-ஆம் தேதி மறைந்தார். அதே ஆண்டு ஜூலையில் வாலியும் மறைந்தார்.

லைன்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். மேட்டின்மேல் பங்களாக்களும் இருந்தன. அவற்றில் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களும், அவர்களுக்கு அடுத்தபடியாக ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தாரும் வசித்தனர். எங்களுக்கும் அவர்களுக்கும் இடையே முள்வேலி ஒன்று உண்டு. அதன் அருகே நின்றால் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவர்களுடைய கிராமபோன் கேட்கும். நாட் கிங் கோல் என்றும், சென்னையிலேயே பிறந்து சிறுவயதில் சீமைக்குச் சென்றுவிட்ட எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் என்றும், லக்னோவில் பிறந்த கிளிஃப் ரிச்சர்டு என்றும் பிற்காலத்தில் பெயர்களைத் தெரிந்துகொண்டேன். அவர்கள் எல்லாரினும் மேலாக அந்த வீடுகளில் குடிகொண்டிருந்தவர் ஜிம் ரீவ்ஸ். டெக்ஸாஸில் 1923-இல் பிறந்து, பேஸ்பால் ஆட்டக்காரராகப் பெயரெடுக்க விழைந்து, காலில் நரம்பு பழுதுபட்டதால் அதைக் கைவிட்டு, ரேடியோ நிலையத்தில் அறிவிப்பாளராகச் சேர்ந்து, பிறகே பாடகரானவர் அவர். தொடக்கத்தில் நாட்டுப்புறப் பாணியில் உரக்கப் பாடிய அவர், 1957-ஐ ஒட்டி மைக்குக்கு மிக அருகே சென்று, தாழ்ந்த ஸ்தாயியில், காதோடு பேசுவதைப்போலப் பாடத் தலைப்பட்டார்; அந்த மாறுதலே அவரை உலகெங்கும் கொண்டுசென்றது. டெலிபோனில் தன் அன்புக்குரியவளோடு பேசும் ஒருவனுடைய மன்றாட்டாக அமைந்த பாட்டே அவருடைய பாட்டுக்களில் பெரும் பிரசித்தி பெற்றது என்பது பொருத்தமே அல்லவா? தென்னாப்பிரிக்காவில் வைரச் சுரங்கங்களைக் களமாகக் கொண்ட 'கிம்பர்லி ஜிம்' என்னும் படத்தில்கூட அவர் நடித்தார். 1964 ஜூலை 31-ஆம் தேதி, தாமே ஓட்டிச்சென்ற சிறு விமானம் நாஷ்வில் அருகே புயல்மழையில் விழ, இறந்துபோனார், வயது நாற்பது.

ஆங்கிலோ இந்தியர்கள் ஒவ்வொரு குடும்பமாக இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறிய காலம் அது. அப்படிப் புறப்பட்ட ஒரு வீட்டார் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றபோது, என் தாய்மாமன், தம் இரண்டு மாதச் சேமிப்பைக் கொடுத்து அவர்களுடைய கிராமபோனையும் ஒரு கட்டுத் தட்டுக்களையும் வாங்கிவந்துவிட்டார். ஆங்கிலத்தில் தம் பெயரை எழுதுவதற்குமேல் அறியாத அவர், ஜிம் ரீவ்ஸின் தட்டை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். "என்ன மாமா சொல்றாரு?" என்று ஒருநாள் கேட்டேன். "என்ன சொல்றாருன்னு தெரியலடா. ஆனா அதட்டல இல்ல, பாரு" என்றார். காலையில் மேஸ்திரியின் அதட்டலும், மத்தியானம் மேலதிகாரியின் அதட்டலுமாகக் கழிந்த ஒரு வாழ்க்கையில் அந்த ஆங்கிலத்திலேயே ஒருவன் அதட்டாமல் அவரோடு பேசினான். அதைவிடத் திட்டமான சங்கீத விமரிசனத்தை நான் எந்தப் பண்டிதரிடமும் கேட்டதில்லை. அடுத்த தட்டாக ராஜாவை வைப்பார். இரண்டுக்கும் நடுவே எந்தத் தூரமும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

பழங்காலத்துப் பாட்டைப் புகழ்கிறவன் பழங்காலத்தையே புகழ்கிறான் என்று இளைஞர்கள் எண்ணுவது இயல்பு. நான் அந்தக் காலத்தைப் புகழவில்லை. கீழே இறங்கிய ஆண்மகன் மேலே வருவான் என்கிற உறுதி இல்லாமல், சங்கு ஊதும் நேரத்துக்குமுன் ஊதிவிட்டால் பெண்மக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சாஃப்டு வாசலுக்கு ஓடிய காலம் அது. கல்தூசி நெஞ்சில் படிந்து, ஐம்பது வயதுக்குள் இருமி இருமிச் சாய்ந்த காலம் அது. அவற்றில் ஒரு நாளும் திரும்பவேண்டாம். அந்த நாட்களுக்கு நடுவே, எங்களைப் பெயரற்ற கூட்டமாக நடத்தாமல் தனித்தனி மனிதராக எண்ணி, இரக்கத்தோடு எங்கள் காதில் பேசிய அந்த மரியாதையைத்தான் இன்றும் என் மனம் நாடுகிறது. இக்காலத்து இசையமைப்பாளர்களுள் மேதைகள் இல்லாமல் இல்லை. ஆயினும் மூன்று நிமிஷத்துக்குள் நம்மைப் பிரமிக்க வைத்துவிட வேண்டும் என்னும் பதற்றம் பல பாட்டுக்களில் தெரிகிறது. பிரமிப்பூட்டுவதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆற்றுவதற்கு ஆள் வேண்டும்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. சங்கு நின்றது, ஆலை நின்றது. தங்கம் பிரித்தபின் எஞ்சிய சயனைட் மண் மலைகள் மட்டும் சாம்பல் நிறமாக நிற்கின்றன. இன்றைய பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் களைத்துத் திரும்புகிறார்கள். சென்ற முறை அந்த ரயிலில் வருகையில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருபது வயதுப் பையன் ஒருவன் காதில் சொருகியிருந்த கருவியிலிருந்து கசிந்த ஒலியைக் கேட்டு நான் திரும்பிப் பார்த்தேன், ஸ்ரீநிவாஸ்தான். அவன் உறங்கிக்கொண்டிருந்தான்.

என் தந்தையார் ஓய்வு பெற்றபின் பல ஆண்டுகள் உயிரோடிருந்தார். வயது ஏற ஏற அவருடைய காது மந்தமாயிற்று. இரவு ஷிப்டு இல்லாத அந்தக் காலைகளில், திண்ணையில் அமர்ந்திருக்கும் அவருக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக, என் தாயார் அதே குமிழை அதன் மறுகோடி வரையில் திருகிவைப்பார். தெருக்கோடியில் தண்ணீருக்கு நிற்பவர்களுக்கெல்லாம் அந்தப் பாட்டு கேட்கும். அவ்வளவு உரக்க வைத்தபோதிலும் ராஜாவின் குரல் உரத்த குரலாக மாறவில்லை. தந்தையார் ரேடியோவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, சற்றுநேரம் தலையசைத்துவிட்டு, "எந்தப் பாட்டு?" என்று கேட்பார். தாயார் அவருடைய காதருகே குனிந்து, மெல்லிய குரலில், பாட்டின் முதலடியைப் பாடிக் காட்டுவார்.